நெருப்பு வருமுன் ஆளை அனுப்புங்கள்: சிசிலிப் பிராந்திய அரசுக்கு ஒரு திறந்த மடல்

சிசிலிப் பிராந்திய அரசின் நிலம், சுற்றுச்சூழல் துறைக்கும், பிராந்திய வனப் படைக்கும், பலெர்மோவில் கூடும் பிராந்திய சபையின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் பலெர்மோவில் குடியிருக்கும் ஈழத்தமிழன். 1980களிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் பெரும்பாலோரைப் போல, வீடு துப்புரவாக்குவது, வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது என்று உழைத்துப் பிழைக்கிறவன். காட்டைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் மலை ஏறுகிறவன். கோடை வந்தால் எந்த மலை புகைகிறது என்று யன்னலைத் திறந்து பார்க்கும் பழக்கம் இந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கும்தான்.

இதன் இத்தாலியப் பிரதியை இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அது தபாலில் உங்கள் மேசைக்கு வரும். தமிழிலும் எழுதுவது ஏனென்றால், கேட்கப்போகும் சிலவற்றில் எங்கள் ஆட்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. அவர்களும் வாசிக்கட்டும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிசிலியின் இயற்கைக் காப்பகங்களை வீதியிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் காப்பாற்றச் சட்டம் போட்டீர்கள், அது பலித்தது. நெருப்பிலிருந்து காப்பாற்றவும் சட்டம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், காசும் ஏதோ ஒரு நேரத்தில் வருகிறது. நேரத்துக்கு வருவதில்லை என்பதுதான் பிரச்சினை. மே முடியுமுன் முடிந்திருக்க வேண்டிய புல் வெட்டும் வேலை ஜூனிலும் ஜூலையிலும் நடக்கிறது. ஜூலையில் மலை எரியத் தொடங்கிவிடுகிறது.

குறை சொல்லுமுன் நல்லதைச் சொல்ல வேண்டும். சொல்ல நிறையவே இருக்கிறது.

1970களில் ஸ்கொபெல்லோவிலிருந்து சான் வீத்தோ லோ காப்போ வரைக்கும் கடலோரமாக ஒரு வீதி போடத் திட்டம் போட்டார்கள். வேலையும் தொடங்கிவிட்டது, மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை வரைக்கும் போய்விட்டார்கள். வீதி வந்திருந்தால் பின்னாலேயே விடுதியும் விடுமுறை வீடுகளும் வந்திருக்கும். சிசிலிக் கரையில் வேறு எத்தனையோ இடங்களில் நடந்தது அதுதான். 1980 மே 18 அன்று ஆயிரக்கணக்கான சனம் அந்தக் கரையில் நடந்துபோய், வீதி வேண்டாம் என்று சொன்னது. மறு ஆண்டு, 1981 மே 6 அன்று, 98ஆம் இலக்கப் பிராந்தியச் சட்டம் வந்தது. சிங்கரோ என்ற அந்தக் கரை சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமானது. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் கரை, 1,600 ஹெக்டேருக்குச் சற்று மேல். கார் போகாது. இன்றைக்கு ஸ்கொபெல்லோ பக்கமாக உள்ளே போகிறவர்கள் அந்த முடியாத வீதியின் சுரங்கத்துக்குள்ளால்தான் நடந்து போகிறார்கள். போராட்டத்துக்கு இதைவிட நல்ல நினைவுச்சின்னம் யாரும் கட்டியிருக்க முடியாது.

பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கென்று இத்தாலி முழுவதற்குமான சட்டம் ரோமில் நிறைவேறியது 1991 டிசம்பரில், 394ஆம் இலக்கமாக. நீங்கள் பத்து ஆண்டு முந்திக்கொண்டீர்கள். அந்த 98ஆம் இலக்கச் சட்டத்திலிருந்துதான் 1987இல் எத்னாப் பூங்கா வந்தது, 1989இல் மதோனியே, 1993இல் நெப்ரோதி, அப்புறம் அல்காந்தரா ஆற்றுப் பூங்கா, எழுபதுக்கும் மேலான காப்பகங்கள். பூநாரைகள் இறங்கும் வெந்திக்காரி நீர்ப்பரப்பும், கடலாமை முட்டையிடும் லம்பெதூசாவின் முயல் தீவும், திராப்பனி உப்பளங்களும் இந்தச் சட்டத்தின் பிள்ளைகள். மதோனியே மலையில் ஒரு தேவதாரு இனம் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. அழிந்துபோனது என்று கைவிட்டிருந்த மரத்தை 1957இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் காட்டில் வளர்ந்து நிற்பவை முப்பது மரம் சொச்சம்தான். அவற்றுக்கு வேலி போட்டு, விதை எடுத்து, கன்று வளர்த்துக் கொண்டிருக்கிறீர்கள். வடக்கு இத்தாலியில் சிசிலியைப் பற்றிப் பேசும்போது யாரும் இதையெல்லாம் சொல்வதில்லை. நான் வேலை செய்த வீடுகளில் சொன்னால் பலெர்மோக்காரரே ஆச்சரியப்படுகிறார்கள்.

சரி, இனி நெருப்பு.

சிங்கரோ 2012 ஆகஸ்டில் எரிந்தது. மறுபடி 2020 ஆகஸ்ட் கடைசியில் எரிந்தது. காப்பகத்தை மூடிவைக்க வேண்டி வந்தது. பந்தெல்லேரியாத் தீவு 2016 மே மாதத்தில் எரிந்தது. அதே ஆண்டில்தான் அங்கே சிசிலியின் ஒரே தேசியப் பூங்காவை அறிவித்தார்கள். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசாவுக்குப் பக்கத்தில் 48.8 பாகை வெப்பம் பதிவானது. அது ஐரோப்பாவின் உச்ச வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு பின்னர் உறுதிசெய்தது. 2023 ஜூலைக் கடைசியில் பலெர்மோவைச் சுற்றி மலைகள் எரிந்தன. விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். நகரத்துக்கு மேலே இருக்கும் சாந்தா மரியா தி ஜேசு தேவாலயம் எரிந்தது. உள்ளே இருந்த புனித பெனதெத்தோவின் உடலும் தப்பவில்லை. ஆப்பிரிக்க அடிமைகளுக்குப் பிறந்து, பலெர்மோவின் இணைப் பாதுகாவல் புனிதராக உயர்ந்த மனிதர் அவர். வந்தேறிகளான எங்களுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

பிரியோலோ உப்பளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நடந்தது அதிகம் பேர் அறியாதது. அகுஸ்தாவுக்கும் சிராகூசாவுக்கும் நடுவே எண்ணெய் ஆலைகளும் இரசாயன ஆலைகளும் வரிசையாக நிற்கின்றன. பார்த்தால் அங்கே பறவை ஒன்று இறங்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அந்த ஆலைகளின் காலடியில் ஒரு சின்ன உப்பளக் காப்பகம் இருக்கிறது, லிப்பு என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் பொறுப்பில். 2015இல் அங்கே பூநாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. சிசிலியில் அது முதல் தடவை. ஆலைப் புகையையே சமாளித்து நின்ற இடம், 2019 ஜூலையில் ஒரு நெருப்பில் கருகியது. பறவை பார்க்கக் கட்டியிருந்த குடில்கள் போயின. சங்கத்தார் திரும்பவும் கட்டினார்கள். கட்டத்தான் செய்வார்கள், அவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள். ஆனால் எத்தனை தடவை?

நெருப்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. சிங்கரோவில் குள்ளப் பனை நிறைய உண்டு, இத்தாலியில் தானாக வளரும் ஒரே பனையினம். ஊர்ச்சனம் அதன் ஓலையில் விளக்குமாறும் கூடையும் கயிறும் செய்தார்கள். யாழ்ப்பாணத்தான் ஒருவன் அதைப் பார்த்தால் எங்கள் பனையின் தங்கச்சி என்றுதான் சொல்வான். அந்தப் பனை எரிந்தாலும் அடுத்த மழைக்கு அடியிலிருந்து குருத்து விடும். தீசா என்கிற உயரமான புல்லும் அப்படியே. நெருப்பைப் பார்த்துப் பழகிய செடிகள் அவை. நூறு ஆண்டில் ஒரு தடவை, ஐம்பது ஆண்டில் ஒரு தடவை என்றால் இந்த மண் தாங்கும்.

எட்டு ஆண்டுக்கு ஒரு தடவை என்றால் தாங்காது. கருவாலி (ஓக்) மரக் கன்று தலைக்குமேல் வளருமுன் அடுத்த நெருப்பு வந்துவிடுகிறது. புல் மட்டும் மிஞ்சுகிறது. புல் மே கடைசியில் காய்ந்து நிற்கிறது. காட்டைவிட அது சுலபமாகப் பிடிக்கும். ஆகவே ஒரு தடவை எரிந்த இடம் அடுத்த தடவை இன்னும் இலகுவாக எரிகிறது. ஆமை போன்ற மெதுவான உயிர்களுக்கு ஓடித் தப்ப வழியில்லை. மண் வெறுமையாகிவிட்டால் நவம்பர் மழையில் சரிவு இறங்கி வருகிறது. மலையடிவார வீட்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு பக்கம் நட்டு வளர்த்த மரங்கள். போன நூற்றாண்டின் நடுவில் மொட்டையாய்க் கிடந்த மலைகளை மூடவென்று பைனும் யூக்கலிப்டசும் நட்டார்கள். அன்றைக்கு அது நல்ல எண்ணத்தில் செய்த வேலை, ஆயிரக்கணக்கானோருக்குக் கூலியும் கிடைத்தது. ஆனால் நெருக்கமாக நட்டு, பிறகு கிளை கழிக்காமல் விட்ட பைன் தோப்பு கோடையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எரிந்த பிறகு திரும்பவும் அதையே நடச் சொல்லிக் கேட்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வருகிறார்கள். தயவுசெய்து அவர்கள் சொல்லுக்குச் செவிகொடுக்காதீர்கள். தானாக முளைக்கும் கருவாலிக்கும் காட்டு ஒலிவுக்கும் நேரம் கொடுங்கள். பைன் இருக்கும் இடத்தில் நெருக்கத்தைக் குறைத்து விடுங்கள், நடுவே உள்ளூர் மரம் வரட்டும்.

எப்படி எரிகிறது? இந்தத் தீவில் மின்னல் விழுந்து எரிவது அபூர்வம். பெரும்பாலும் மனிதக் கைதான். மேய்ச்சலுக்கு இளம்புல் வேண்டும் என்று கொளுத்துகிறவன், அறுவடைத் தாளை எரிக்கப்போய்க் கைமீற விட்டவன், பகைக்குக் கொளுத்துகிறவன், சிகரெட்டை எறிந்தவன். தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ என்ற சூடான காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து வைப்பவனும் இருக்கிறான். அவனுக்குக் காற்றைப் பற்றி உங்கள் அலுவலகங்களைவிட நன்றாகத் தெரியும். மாலையில் வைத்தால் விமானம் வராது என்பதும் தெரியும். கடலில் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றும் அந்த மஞ்சள் விமானங்கள் இருட்டில் பறப்பதில்லை. இரவு முழுவதும் நெருப்பு இஷ்டத்துக்கு நடக்கும். அந்த இரவில் அதை நிறுத்தக் கூடியது, புல்லும் புதரும் இல்லாமல் ஏற்கெனவே வெட்டிவைத்த தீத்தடுப்புக் கோடு ஒன்றுதான்.

இனி ஆட்களைப் பற்றி. கனடாவைவிடச் சிசிலியில் வனத்தொழிலாளர் அதிகம் என்று வடக்கில் ஒரு பழைய கேலி இருக்கிறது. தொலைக்காட்சியில் அதைச் சொல்லிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் வேலை செய்கிறவர்கள் அல்ல. ஆண்டுக்கு 78 நாள், 101 நாள், 151 நாள் என்று மூன்று பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். ஊர்ச்சனம் அவர்களை அந்த எண்ணைச் சொல்லியே கூப்பிடுகிறது. ஒரு மனிதனுக்கு 78 என்று பெயர் வைத்துவிட்டு, அவன் காட்டை நேசிக்கவில்லை என்று குறை சொல்வது சரியா? புதிதாக இளம் ஆட்களைச் சேர்க்காமல் காலம் போய்விட்டதால் இவர்களில் பெரும்பாலோர் வயதாகிவிட்டவர்கள். செங்குத்துச் சரிவில் இயந்திர அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற வயது இல்லை.

இருந்தாலும் நாட்களைக் கூட்டச் சொல்லி இந்த மடலில் கேட்கப்போவதில்லை. அது தொழிற்சங்கத்தின் வேலை, அவர்கள் நன்றாகவே கேட்கிறார்கள். நான் கேட்பது அந்த நாட்கள் எப்போது விழுகின்றன என்பதைப் பற்றி. கிளை கழிப்பது, விழுந்த மரம் அகற்றுவது, பாதை திறப்பது, தண்ணீர்த் தொட்டிகள் நிறைகின்றனவா என்று பார்ப்பது எல்லாம் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் செய்யக்கூடியவை. புல் வெட்டுவது அப்படியில்லை. ஜனவரியில் வெட்டினால் மழைக்குத் திரும்ப வளர்ந்துவிடும். ஏப்ரல் நடுவில் தொடங்கி மே கடைசிக்குள் வெட்ட வேண்டும், அந்த ஆறு கிழமைதான் அதற்கு நேரம். அந்த ஆறு கிழமையில் மலையில் ஆள் இல்லாவிட்டால், பிறகு எத்தனை ஆயிரம் பேரை அனுப்பினாலும் அவர்கள் காய்ந்த புல்லுக்கு நடுவே நின்று புகையைப் பார்க்கத்தான் முடியும். காய்ந்த பிறகு இயந்திரம் கொண்டு வெட்டினால் கல்லில் பட்டுப் பறக்கிற பொறியே நெருப்பாகிவிடும் ஆபத்தும் உண்டு.

ஏன் பிந்துகிறது? எனக்குத் தெரிந்த பதில் சலிப்பூட்டுவது. வரவுசெலவுத் திட்டம். சபை அதை நேரத்துக்கு நிறைவேற்றாமல், மாதாமாதம் தற்காலிகமாக ஓட்டிய ஆண்டுகள் இந்தப் பிராந்தியத்தில் பல. காசு ஒதுக்காமல் ஒப்பந்தம் போட முடியாது, ஒப்பந்தம் இல்லாமல் ஆளைக் கூப்பிட முடியாது. புல் இதற்காகக் காத்திருக்காது. தீத்தடுப்பு வேலைக்கான பணத்தை மட்டுமாவது இந்தச் சிக்கலிலிருந்து பிரித்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமிக்க ஒதுக்க முடியாதா? மருத்துவமனை மின்சாரக் கட்டணத்தை ஓகஸ்டு வரை இழுத்தடிக்க மாட்டீர்களே.

அதே சிக்கல்தான் காப்பகங்களை நடத்துகிற சங்கங்களுக்கும். திராப்பனி உப்பளத்தையும் தோரே சால்சாவையும் உலக இயற்கை நிதியம் பார்க்கிறது, முயல் தீவை லெகம்பியெந்தே பார்க்கிறது, பெல்லெக்ரீனோ மலையை ரேஞ்சர்ஸ் திதாலியா பார்க்கிறது. நிதி பிந்துகிறது, குறைகிறது என்று இப்படிப்பட்ட சங்கங்கள் பல ஆண்டுகளாகப் பகிரங்கமாகச் சொல்லி வருகின்றன. சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத ஆளை வைத்துக்கொண்டு யாரும் இரவுக் காவல் போட முடியாது. நான் முதலாளிகளிடம் வேலை செய்தவன், இதில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

98ஆம் இலக்கச் சட்டத்தில் இன்னொரு நல்ல யோசனை தூங்கிக்கொண்டிருக்கிறது. காப்பகத்தை அ வலயம் என்றும், அதைச் சுற்றி ஒரு முன்காப்புப் பட்டியை ஆ வலயம் என்றும் பிரித்தீர்கள். கட்டடம் நேராகக் காப்பகத்தின் வாசலில் வந்து நிற்கக்கூடாது என்பதற்காக. அதே பட்டியை நெருப்புக்கு எதிராகவும் பயன்படுத்தலாம். பெரும்பாலான நெருப்பு வெளியே கைவிடப்பட்ட வயலில் பிடித்து உள்ளே வருகிறது. சிங்கரோவுக்குள்ளேயே பழைய குடியானவர் வீடுகள் இருக்கின்றன. அந்தச் சனம் அங்கே இருந்தபோது பாதாமும் ஒலிவும் வளர்த்தார்கள், மன்னா என்ற இனிப்புப் பாலுக்காக மரத்தைக் கீறினார்கள், ஆடு மேய்த்தார்கள். அவர்கள் கால் பட்ட இடத்தில் புல் முழங்கால் உயரம் வந்ததில்லை. அவர்கள் போன பிறகு வந்தது புல். மதோனியேயில் போலினா, காஸ்தெல்புவோனோ ஊர்களில் இன்றைக்கும் மன்னா எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியான ஆட்களுக்கு ஆ வலயத்து நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுங்கள். உழுத நிலம் எரியாது. மேய்ப்பர்களை எல்லாம் நெருப்பு வைக்கிறவர்கள் போல நடத்துவதை விட்டு, எங்கே எப்போது மேய்க்கலாம் என்று கணக்குப் போட்டு அனுமதி கொடுத்தால், புல் தின்னப்படுவது காப்பகத்துக்கு இலாபம்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் 353ஆம் இலக்கத் தேசியச் சட்டம் கடுமையானது. எரிந்த காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பதினைந்து ஆண்டுக்கு வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. பத்து ஆண்டுக்கு அங்கே கட்டடம் கட்டக் கூடாது. எரிந்த காட்டில் பத்து ஆண்டுக்கு மேய்ச்சலும் வேட்டையும் இல்லை. அரசுக் காசில் மரம் நடுவதற்கும் ஐந்து ஆண்டுத் தடை. விதிவிலக்குக்குத் தனி அனுமதி வேண்டும். கொளுத்தி இலாபம் பார்க்க நினைப்பவனுக்கு ஒரு வழியும் இல்லாமல் எழுதிய சட்டம் அது. ஆனால் எந்த நிலம் எந்த நாளில் எரிந்தது என்ற பதிவேடு இல்லாவிட்டால் இந்தத் தடை எதுவும் பிடிக்காது. அந்தப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டியது நகரசபைகள். வைத்திருக்கிறார்களா, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கிறார்களா என்று கேட்க வேண்டியது நீங்கள். செய்யாத நகரசபைக்குப் பதிலாக நீங்களே செய்து, வரைபடத்தைச் சனம் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். தனக்குப் பக்கத்து நிலம் எரிந்த பட்டியலில் இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தால் அதைவிடப் பெரிய காவல் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி. 2024 வரட்சியில் என்னா என்ற நகரத்துக்குப் பக்கத்துப் பெர்கூசா ஏரி கிட்டத்தட்ட முழுவதும் வற்றியது. அதுவும் ஒரு காப்பகம்தான், சுற்றிக் கார்ப்பந்தயப் பாதை போட்ட காப்பகம். அதற்குத் தனியாக ஒரு மடல் வேண்டும்.

கடைசியாக எங்கள் மலை. பெல்லெக்ரீனோவை எங்கள் மலை என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். பலெர்மோக்காரர் யாரும் கேட்க மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியும். பலெர்மோவின் பாதுகாவல் புனிதையான ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு இந்த நகரத்துத் தமிழர், சைவரும் கத்தோலிக்கரும், எத்தனையோ ஆண்டுகளாக ஏறிக்கொண்டிருக்கிறோம். 1624இல் கொள்ளைநோயின் நடுவே அவருடைய எலும்புகளைக் கண்டெடுத்த குகை. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரத் தாழ்வாரங்கள் பிடித்து இறக்குகின்றன. குழந்தை வேண்டி, விசா வேண்டி, ஊரில் காணாமல் போன பிள்ளை வேண்டி அங்கே நேர்த்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும். வெறுங்காலோடு பழைய கற்படிப் பாதையில் ஏறுகிற அம்மாமாரைப் பார்த்து இத்தாலியக் கிழவிகள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அந்த மலை 1995இலிருந்து இயற்கைக் காப்பகம். சனம் அதிகம் ஏறும் காலம் எது? ஜூலை 14 இரவுத் திருவிழாவை ஒட்டிய நாட்கள், ஓகஸ்டு, செப்டம்பர் 4 யாத்திரை. நெருப்புக் காலமும் சரியாக அதுதான். பைன் தோப்புக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற வீதி. பாறை விழும் என்று அதன் ஒரு பக்கத்தை மூடிவைக்கும் காலங்களும் உண்டு. ஒரு சிரோக்கோ நாளில், மேலே சில ஆயிரம் பேர் நிற்கும்போது கீழே பிடித்தால் எந்தப் பக்கம் இறங்குவது? இதற்கு ஒரு திட்டம் உங்கள் அலுவலகத்து அலுமாரியில் கட்டாயம் இருக்கும். ஏறுகிற சனத்துக்கு அது தெரியவேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை. கோவில் வாசலிலும், பழைய பாதை தொடங்கும் இடத்திலும், பேருந்து நிற்கும் இடத்திலும் பலகை வையுங்கள். நெருப்பைக் கண்டால் 1515, இல்லாவிட்டால் 112. எந்தப் பாதையால் இறங்குவது, எங்கே கூடுவது. இத்தாலியனில், தமிழில், வங்காளியில், ஆங்கிலத்தில். தமிழ் வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம், ஒரு சதமும் வேண்டாம். கடுமையான காற்று நாளில் மலையை மூடுவதாக இருந்தால் முதல்நாளே எங்கள் கோவிலுக்கும் சங்கங்களுக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள். இரவுக்குள் நகரத்துத் தமிழர் எல்லோருடைய தொலைபேசிக்கும் போய்விடும். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களின் வேகம் உங்களுக்குத் தெரியாது.

எங்கள் ஆட்களுக்கும் இதே மடலில் சொல்லிவிடுகிறேன். கற்பூரம் கொளுத்துவதைக் கோவிலோடு வைத்துக்கொள்வோம், மலைப்பாதையில் வேண்டாம். மெழுகுதிரியைக் குகைக்குள்ளே அவர்கள் காட்டும் இடத்தில் ஏற்றுவோம். ஃபவோரிதாப் பூங்காவில் மரத்தடியில் அடுப்பு மூட்டிக் கோழி வாட்டுவதில் சிசிலிக்காரர் எங்களுக்குக் குரு என்றாலும், இந்த ஒன்றில் குருவை மிஞ்ச வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீர்ப் போத்தலையும் சாப்பாட்டுப் பையையும் கீழே கொண்டுவருவோம். பதினெட்டு வயதான பிள்ளைகள் குடிமைப் பாதுகாப்புத் தொண்டர் பயிற்சிக்குப் பதியலாம். அவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும், காலும் பலமாக இருக்கிறது.

துறையாருக்கு, கேட்டதைத் திரும்பச் சொல்லி நேரம் எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அடுத்த ஆண்டு மே 31 அன்று, ஒவ்வொரு காப்பகத்திலும் எத்தனை கிலோமீட்டர் தீத்தடுப்புக் கோடு திட்டமிட்டீர்கள், எத்தனை வெட்டி முடிந்தது, எது பாக்கி, ஏன் பாக்கி என்ற ஒரு பட்டியலை உங்கள் இணையத்தளத்தில் போடுங்கள். ஒரு பக்கம் போதும். பெல்லெக்ரீனோவுக்கு எதிரே என்ன எண் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போய் அந்தக் கோடுகள் வெட்டியிருக்கின்றனவா என்றும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழன் ஒருவன்